காடு காணாத் திணைப்பாடம்

சிகாமட் என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பதற்கு ஊர்வழக்கு ஒன்று உண்டு. 1511ஆம் ஆண்டில் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தபோது, பெண்டகாரா தெப்போக் என்னும் முதிய அமைச்சர் தம் சுற்றத்தோடு தப்பி வந்து, வழியில் ஓர் ஆற்றங்கரையில் தங்கினார். நீரை அள்ளிப் பருகியவர் களைப்பு நீங்கி, 'செகார் அமாட்' என வியந்தாராம். மிகுந்த புத்துணர்ச்சி தருவது என்பது அம்மலாய்ச் சொற்களின் பொருள். அதுவே நாளடைவில் சிகாமட் ஆயிற்று என்பர். வரலாற்று ஆய்வின்முன் இக்கதை நிற்குமா என்பது வேறு வினா. ஓர் ஊர் தன் பெயரை ஆற்றுநீரின் சுவையிலிருந்து பெற்றதாக நம்பி வந்துள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இன்று அவ்வூர்த் தமிழ் மாணாக்கர்க்கு ஆறு என்றதும் நினைவில் எழுவது எது? வெள்ளம் ஒன்றே. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும், 2011ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், 2023 மார்ச்சிலும் சிகாமட்டை நீர் சூழ்ந்தது. சேறு படிந்த சுவர்களும், துயர்துடைப்பு மையங்களில் கழிந்த இரவுகளுமே ஒரு தலைமுறை ஆற்றைப் பற்றிப் பெற்ற அறிவாக நின்றுவிட்டன. ஆறு எங்கே பிறக்கிறது, எந்தக் காடு அதனைத் தாங்கி நிற்கிறது, எக்கடலில் சென்று சேர்கிறது என்னும் வினாக்களுக்கு விடை கூறவல்ல மாணாக்கர் ஒரு வகுப்பில் எத்தனை பேர்? அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுள்தாம் எத்தனை பேர்?

இவ்வினாவிற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அதே சிகாமட் மாவட்டத்தில், பெக்கோக் சிற்றூருக்கு அப்பால், செலாய் ஆறு பாயும் வனத்தில் எண்டாவ் ரொம்பின் பூங்காவின் மேற்கு வாயில் அமைந்துள்ளது. தாக்கா திங்கி, தாக்கா பண்டான், தாக்கா பெரிங்கின் எனப் பெயர் தாங்கிய அருவிகள் அங்கே வீழ்கின்றன. அவ்வனத்தின் பாறைகள் இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையன. யானையும் புலியும் இருவாய்ச்சிப் பறவையும் அக்காட்டிற்குரியன. எண்டாவின் பெயரையே தாங்கிய குடைபோன்ற பனையினம் ஒன்று 1987ஆம் ஆண்டில்தான் அறிவியல் நூலில் புதிய இனமாக விளக்கப் பெற்றது. இத்துணைச் செல்வம் தம் மாவட்டத்திற்குள்ளேயே இருக்க, தமிழ்ப்பள்ளிகளின் கல்விச் சுற்றுலாப் பேருந்துகள் எத்திசை நோக்கி ஓடுகின்றன?

சுற்றுலாவும் கட்டுரையும்

ஆண்டுதோறும் பேருந்து புறப்படுகிறது. பெற்றோர் பணம் தருகின்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கம் துணை நிற்கிறது. குழந்தைகள் விடியுமுன் எழுந்து வந்து வரிசையில் நிற்கின்றனர். பேருந்து சென்று சேருமிடமோ பெரும்பாலும் ஒரு பேரங்காடி, அல்லது செயற்கை அலையெழுப்பும் நீர்விளையாட்டுப் பூங்கா, அல்லது கூண்டில் விலங்கு காட்டும் சாலை. குழந்தைகள் மகிழ்கின்றனர் என்பதில் ஐயமில்லை. மகிழ்ச்சியைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும் அச்செலவிற்குக் 'கல்வி' என்னும் அடைமொழி எதற்கு என்னும் வினாவை எவரும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

சுற்றுலா முடிந்து திங்கட்கிழமை வகுப்பில் கட்டுரை எழுதப்படுகிறது. வருணனைக் கட்டுரையின் இலக்கணம் கரும்பலகையில் ஏறுகிறது. அருவி என்றால் 'வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல்' வீழ வேண்டும். வயல் என்றால் 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்' தோன்ற வேண்டும். ஏரி என்றால் 'பளிங்கு போன்ற நீர்' நிறைந்திருக்க வேண்டும். மாதிரிக் கட்டுரை நூலில் உள்ள இத்தொடர்களை மனப்பாடம் செய்து பெய்தவனுக்கு உயர்ந்த புள்ளி. காணாத அருவியைக் கண்டதாக எழுதியவன் கெட்டிக்காரன். கண்டதை உள்ளவாறு எழுத முயன்று தடுமாறியவன் பின்தங்கியவன். மொழிப்பாடம் என்னும் பெயரால் பொய்ம்மொழிக்கு அன்றோ இங்குப் பரிசு வழங்கப்படுகிறது!

பகாங் மாநிலத்துத் தாசேக் பெரா ஏரிக்கு ஒரு வகுப்பை அழைத்துச் சென்று, பின்னர் எழுதச் சொன்னால் என்ன நிகழும்? ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையில் மலேசியா இணைந்த 1994ஆம் ஆண்டிலேயே அவ்வுடன்படிக்கையின்கீழ் இந்நாட்டில் முதலாவதாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை அது. செமலாய்ப் பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். அங்குள்ள நீர் பளிங்கு நிறமுடையதன்று. அழுகிய இலைகளின் சாறு இறங்கி, பாலில்லாத் தேநீரைப்போல் கருஞ்சிவப்பாகத் தோன்றும். கரையோரத்தில் அடர்ந்து நிற்கும் 'ராசாவ்' என்னும் செடி, தமிழ்ப் புலவர்கள் பாடிய தாழையின் இனத்தைச் சேர்ந்தது. இவற்றைக் கண்ணாற் கண்ட சிறுவனின் எழுதுகோலில் 'பளிங்கு' என்னும் சொல் தானே நின்றுவிடும். அவன் வேறு சொல் தேடுவான். அந்தத் தேடலே மொழிக்கல்வி.

சொல் இருக்கிறது, பொருள் எங்கே?

ஆசிரியர்களின் நிலையோ இதனினும் வருந்தத்தக்கது. ஐந்திணைப் பாகுபாட்டைப் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். குறிஞ்சிக்குரிய மரம் யாதெனில் அகில், சந்தனம், தேக்கு, வேங்கை என ஒரே மூச்சில் ஒப்புவிப்பர். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனக் கட்டம் கட்டி எழுதிக் காட்டுவர். இலக்கியம் பயிலும் இடைநிலைப்பள்ளி மாணாக்கரும் அக்கட்டத்தை அவ்வாறே எழுதித் தேர்வில் தேறுவர். அகில் மரம் எப்படி இருக்கும் எனக் கேட்டால் இரு சாராரும் வாய் திறவார்.

அகிலைக் காண இமயம் ஏற வேண்டுமோ? மலாயர் 'காகாரு' என வழங்கும் மணமரம் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் அறிவியற் பெயரிலேயே மலாக்காவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இந்நாட்டுப் பூர்வகுடியினர் நூற்றாண்டுகளாகக் காட்டில் தேடியெடுத்து விற்று வந்த பொருள் அது. கீழைக்காற்றின் துணையால் கலங்களில் வந்திறங்கிய பொருள்களுள் அகிலையும் சிலப்பதிகாரம் கூறுகிறது. தமிழ்க் காப்பியத்தில் மணக்கும் பொருள் தம் வாழ்நாட்டின் காட்டிலும் வளர்கிறது என்னும் செய்தி, கற்பிப்போர்க்கே எட்டவில்லையெனில், கற்போர்க்கு எங்ஙனம் எட்டும்?

வேங்கையின் கதையும் அத்தகையதே. சாலையோரத்தில் நிழல் தரும் அங்சானா மரம் வேங்கையின் நெருங்கிய உறவு. அதன் பொன்னிறப் பூக்கள் ஒரே நாளில் மலர்ந்து, மறுநாள் தார்ச்சாலையெங்கும் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். கரும்பாறைமேல் உதிர்ந்த வேங்கைப் பூக்களைக் கண்டு புலியென மருண்டதாகச் சங்கப் புலவர் பாடினர். மரத்திற்கும் புலிக்கும் ஒரே பெயர் அமைந்ததன் நயத்தை உணர்த்த, பள்ளி வாயிலிலிருந்து பத்தடி நடந்தாலே போதும். அப்பத்தடியை நடக்கும் ஆசிரியர் மிகச் சிலரே. ஆங்கில மொழிக்கே பெயர் தந்த 'ரோத்தான்' எனும் பிரம்பும் இக்காடுகளின் கொடியே. முள் அடர்ந்து மரங்களைப் பற்றியேறி, பல பத்து அடி உயரம் செல்வது. தமிழாசிரியர் பலர் அறிந்த ஒரே காட்டுப்பொருள் அதுவே எனலாம். அதனையும் மேசைமேல் வைத்து அறிந்தனரேயன்றிக் காட்டில் கண்டு அறிந்தாரல்லர்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிக் கூறியுள்ளார் என்பது தேர்வு வினாவாகிவிட்டது. எண்ணிக்கையைச் சரியாக எழுதினால் புள்ளி கிடைக்கிறது. அத்தொண்ணூற்றொன்பதும் கபிலருக்கு எங்கிருந்து கிடைத்தன? எந்தக் குறிப்பேட்டிலிருந்தும் அவர் படியெடுத்ததில்லை. மலையில் நடந்தார், நின்றார், கண்டார், மலையில் வாழ்வாரிடம் கேட்டார், பெயர் அறிந்தார். கபிலரைக் கற்பிப்போர் கபிலர் செய்ததைச் செய்ய மறுப்பது எவ்வகைத் தமிழ்ப்பணி?

பச்சையெல்லாம் காடன்று

'சிகாமட் வட்டாரத்துப் பிள்ளைகள் பசுமைக்கு நடுவேதானே வளர்கின்றனர்? அவர்களுக்குக் காட்டைக் காட்ட வேண்டுமா?' என வினவுவார் உண்டு. பள்ளிப் பேருந்தின் இருமருங்கிலும் தெரிவது செம்பனை. ஒரே மரம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. அது மனிதன் நட்ட பயிர். அங்கே பல்லுயிர்க்கு இடம் மிகக் குறைவு. செம்பனைத் தோட்டத்தைக் காடென்று நம்பி வளரும் குழந்தைக்கு, இழந்தது இன்னதென்றே தெரியாது. இழந்ததை அறியாதவன் எஞ்சியதைக் காக்க முன்வரான்.

இன்னும் சிலர், 'காடு நமக்குரியதன்று. தோட்டமே நம் வரலாறு' என்பர். இக்கூற்று வரலாற்றைப் பாதியில் முறிப்பது. 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் பால்மரம் பயிரிட்டார். அடுத்து லெடாங் மலையை அண்டிய புக்கிட் அசாகானில் பெருந்தோட்டம் எழுந்தது. 1909ஆம் ஆண்டில் ஜொகூர் இருப்புப்பாதை சிகாமட் வழியே நிறைவு பெற்றது. பாதை வந்தபின் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் அழைத்து வரப்பட்ட தமிழர், காடு அழிந்த நிலத்தில் கன்று நட்டனர்; காய்ச்சலுக்கும் பாம்புக்கும் இரையாயினர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை விதிக்கும் வரை அவ்வருகை தொடர்ந்தது. ஆக, இந்நாட்டுக் காட்டை மிக நெருங்கிக் கண்டவர்களுள் தமிழரும் ஒருவர். அவர்கள் காட்டை அச்சத்தோடு கண்டனர். அதற்குக் காரணம் இருந்தது. அந்த அச்சம் மட்டும் பேரப்பிள்ளைகளுக்கு முதுசொமாக வந்தது, அனுபவம் வரவில்லை. பாட்டன் திருத்திய நிலம் முன்பு எவ்வாறு இருந்தது எனப் பேரன் காண வேண்டுமாயின், அவன் செல்லத்தக்க இடம் செலாய்.

அவ்விடமும் தானாக எஞ்சவில்லை. 1976ஆம் ஆண்டில் தொடங்கிய மூன்றாவது மலேசியத் திட்டத்திலேயே எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவாகத் தக்கதெனக் குறிக்கப்பட்டது. எனினும் நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. 1977ஆம் ஆண்டில் பகாங் பகுதியில் மரம் வெட்ட உரிமம் வழங்கப்பட்டது. மலாயா இயற்கைக் கழகம் முன்னின்றது, நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, வெட்டு நிறுத்தப்பட்டது. 1985, 1986ஆம் ஆண்டுகளில் அக்கழகம் அறிவியல் ஆய்வுப் பயணம் மேற்கொண்டு, அக்காட்டின் உயிர்ச்செல்வத்தை உலகறியச் செய்தது. 1989ஆம் ஆண்டில் ஜொகூர் தனக்கெனப் பூங்காச் சட்டம் இயற்றியது. 1993ஆம் ஆண்டில் ஜொகூர்ப் பகுதி பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. குறிக்கப்பட்ட நாளிலிருந்து காக்கப்பட்ட நாள்வரை ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள்! பொதுமக்கள் பேசியிராவிடில் இன்று காண்பதற்கு ஒன்றும் மிஞ்சியிராது.

பேசியும் காக்க முடியாதவை உண்டு. சுமத்திராக் காண்டாமிருகத்தின் புகலிடங்களுள் ஒன்றாக அறியப்பட்டது எண்டாவ் ரொம்பின். 2019 நவம்பரில் சபாவில் இமான் என்னும் பெண் காண்டாமிருகம் இறந்ததோடு மலேசிய மண்ணில் அவ்வினமே அற்றுப்போயிற்று. 2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பின்படி, மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு. வேங்கை என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு எனக் கற்பிக்கும் தமிழாசிரியர், அவற்றுள் ஒரு பொருள் தம் கண்முன்னே உலகைவிட்டு நீங்கிக்கொண்டிருப்பதை மாணாக்கர்க்குக் கூறாதிருப்பது முறையோ?

தடைகளும் விடைகளும்

இனி, மறுப்போர் கூற்றுகளை ஆராய்தல் வேண்டும். முதலாவது, தேர்வு. 'பாடம் முடிக்கவே நேரமில்லை' என்பது நெடுநாள் விடை. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வு போய்விட்டது, தேர்வைக் காட்டிச் சொல்லப்பட்ட சாக்கு மட்டும் போகாமல் நிற்கிறது.

இரண்டாவது, ஆபத்து. இது புறந்தள்ளத்தக்கதன்று. மேல்நிலத்தில் பெய்த மழையால் ஆறு திடீரெனப் பெருகி, குளிப்போரை அடித்துச் செல்வதுண்டு. 'கெப்பாலா ஆயர்' என மக்கள் அஞ்சும் அவ்வெள்ளம் உயிர்களைப் பறித்திருக்கிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செல்லலாகாது. அக்காலத்தில் பூங்காவை மூடுவதும் வழக்கம். முன் அனுமதியும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இன்றி ஓரடியும் வைத்தலாகாது. நாற்பது பிள்ளைகளை இரண்டு ஆசிரியர் அழைத்துச் செல்வது பேதைமை. குழு சிறிதாக இருத்தல் வேண்டும். இருண்ட மேகம் கண்டதும் கரையேறும் கட்டுப்பாடு வேண்டும். எச்சரிக்கையோடு செல்க என்பதற்கே ஆபத்து காரணமாகும். செல்லாதே என்பதற்கு ஆகாது. சாலை விபத்துக்கு அஞ்சிப் பள்ளியை மூடுவார் உண்டோ?

மூன்றாவது, செலவும் வழியும். செலாய்க்குச் செல்லும் மண்பாதைக்கு நாற்சக்கர விசை வண்டி வேண்டும் என்பது உண்மை. அது இயலாத பள்ளிகள் சாகில் செல்லட்டும். 1,276 மீட்டர் உயரமுள்ள லெடாங் மலையின் அடிவாரம் அது. சிகாமட்டிலிருந்து அணித்தே உள்ளது. உச்சி ஏற வேண்டியதில்லை. அடிவாரத்து அருவியும் அதனைச் சூழ்ந்த மரங்களும் ஒரு நாட்பாடத்திற்குப் போதும். மலாக்காச் சுல்தான் மணக்க விழைந்த லெடாங் இளவரசி, பொற்பாலமும் வெள்ளிப்பாலமும் கேட்ட கதையையும் அங்கேயே கூறலாம். மலைமகளை நாடிய மன்னன் தோற்ற கதை, குறிஞ்சி கற்போர்க்கு அயலானதன்று. நீர்விளையாட்டுப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்தைத் திரட்ட முடிந்த சங்கத்திற்கு இச்செலவு பெரிதாகாது.

நான்காவது, புலமை சார்ந்த மறுப்பு. 'இந்நாட்டு மழைக்காடு வேறு, தமிழகத்துக் குறிஞ்சி வேறு, இரண்டையும் குழப்பலாமா?' என்பர். குழப்பலாகாது. அவ்வேறுபாட்டைக் காட்டுவதே பாடமாகட்டும். இங்கே தினையும் இல்லை, குறவர் குடியும் இல்லை. ஜக்குன் மக்கள் இருக்கின்றனர். அவர்களுக்கும் மலையின்மேல் பற்றும், மரத்திற்குப் பெயரும், ஆற்றிற்குக் கதையும் உண்டு. நிலத்திற்கேற்ப வாழ்வு அமைகிறது என்பதே திணைக் கோட்பாட்டின் உயிர்க்கருத்து. அதனை மெய்ப்பிக்க இன்னொரு நாட்டு நிலமும் இன்னொரு மக்களும் சான்றாக நின்றால், அது தொல்காப்பியர்க்குப் பெருமையேயன்றிக் குறையன்று.

ஒரு மாவட்டம், இரு கடல்கள்

செலாயில் நின்று ஆசிரியர் கற்பிக்கத்தக்க பாடங்களுள் ஒன்று போதும், முழுப்பயணத்தின் பயனும் கிட்டும். அங்குப் பெய்யும் மழை செலாய் ஆற்றில் இறங்கி, எண்டாவ் ஆற்றோடு கலந்து, கிழக்கே தென்சீனக் கடலை அடைகிறது. சிகாமட் நகரில் பெய்யும் மழையோ சிகாமட் ஆற்றின் வழியே மூவார் ஆற்றில் சேர்ந்து, மேற்கே மலாக்கா நீரிணையை அடைகிறது. ஒரே மாவட்டத்து மழை இரு கடல்களுக்குப் பிரிந்து செல்கிறது! காட்டில் பெய்த மழையை இலையும் வேரும் சருகும் தாங்கி மெல்ல விடுகின்றன. வெறுநிலத்தில் பெய்த மழை மண்ணோடு ஓடி ஆற்றை மேடாக்குகிறது. பெருவெள்ளத்திற்குப் பெருமழையே முதற்காரணம் எனினும், அம்மழை நிலத்தில் விழுந்தபின் என்ன ஆகிறது என்பதை நிலத்தின் நிலை முடிவு செய்கிறது. வீட்டில் வெள்ளம் புகுந்ததைக் கண்ட சிறுவனுக்கு இதனினும் தேவையான பாடம் யாது?

பூங்கா என்னும் சொல்லே பலரை வழிமாற்றிவிட்டது. பூங்கா எனின் பாய் விரித்து உண்டு, பாட்டொலி பெருக்கி, எஞ்சிய நெகிழிப் பைகளை அருவியோரத்தில் விட்டு வருமிடம் எனப் பெரியோர் பழக்கிவிட்டனர். அவ்வாறு செல்வதினும் செல்லாதிருத்தலே காட்டிற்கு நன்று. தமிழ்ப்பள்ளி மாணாக்கர் செல்லும் நாள் வேறு வகையாக அமைய வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு. ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். அதன் மலாய்ப் பெயரை வழிகாட்டியிடம் கேட்டெழுதி, தமிழில் அதற்குப் பெயருண்டா எனத் திரும்பி வந்து தேடட்டும். உண்டெனில் ஒரு பழஞ்சொல் உயிர் பெறும். இல்லையெனில், பெயரில்லாப் பொருளுக்குப் பெயர் தேடும் பொறுப்பைப் பன்னிரண்டு வயதிலேயே ஒரு பிள்ளை உணரும்.

இந்நாட்டில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் ஜொகூரிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் உள்ளவை மட்டுமேனும் ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு வகுப்பைக் காட்டின் வாயிலுக்கு அழைத்துச் செல்லட்டும். சிகாமட் வட்டாரத்துப் பள்ளிகள் அதற்கு முதலடி வைக்கட்டும். அவற்றுக்கே அது மிக அருகில் உள்ளது. அடுத்த ஆண்டின் புறப்பாட நடவடிக்கைத் திட்டம் தீட்டப்படும் கூட்டத்தில், பேரங்காடியின் பெயர் எழுந்ததும் ஓர் ஆசிரியரேனும் எழுந்து செலாயின் பெயரைச் சொல்லட்டும். அதன்பின் அவர் நடத்தும் திணைப்பாடத்திற்குக் கட்டம் கட்டிய அட்டவணை தேவைப்படாது. நீரில் கால் நனைத்து வந்த மாணாக்கரே அவருக்கு விடை சொல்வர்.